அண்ட இழையைத் தேட எந்த வழி? எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ஓர் ஒப்பீடு

பழைய வடஆர்க்காட்டுக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் என்றால் பாதிப் பேருக்கு ஜிங்க் ஆக்சைடு நானோ துகள்தான் புராஜெக்ட். தயாரி, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் சோதனை) எடு, வரைபடத்தில் முகட்டின் அகலத்தை அளந்து துகளின் அளவைச் சொல், பைண்டிங் போட்டுக் கொடு. அதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஓரிருவராவது வந்து, "சார், காஸ்மிக் ஸ்ட்ரிங் மேல ஏதாவது பண்ணலாமா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். ஆனாலும் ஆர்வம் நிஜம். வேலூரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு லேப்டாப்பையும் சில மாதங்களையும் வைத்துக்கொண்டு, காஸ்மிக் ஸ்ட்ரிங், அதாவது அண்ட இழைகள் உண்டா இல்லையா என்ற கேள்வியை எந்தப் பக்கமிருந்து தொடலாம்? அதற்குத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் தேடப்படும் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்த டாம் கிப்பிள் 1976-இல் சொன்னது இது. பிரபஞ்சம் பிறந்த கணத்தில் கடும் சூடு. அது ஆறும்போது, எங்கும் பரவியிருக்கும் ஒரு புலம் ஏதாவது ஒரு திசையைத் தேர்ந்துகொள்ள வேண்டிவருகிறது. ஓரிடத்தில் எடுத்த முடிவு தொலைவில் உள்ள இன்னோரிடத்துக்குத் தெரிய வழியில்லை. ஒளியே இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. எனவே ஒவ்வொரு பகுதியும் தன் போக்கில் ஒரு திசையை எடுக்கிறது. எல்லாம் சந்திக்கும் இடங்களில் சில கோடுகள் மிச்சப்படுகின்றன. உச்சந்தலைச் சுழியை நினைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம் வாரினாலும் சுழி போகாது, இடம் வேண்டுமானால் நகரும். அந்தச் சுழி முப்பரிமாணத்தில் கோடாக நீண்டால் அதுதான் அண்ட இழை. ஆதிச் சூட்டின் ஆற்றல் அதன் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். அதற்கு முனை கிடையாது. ஒன்று, பிரபஞ்சத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீளும். இல்லையென்றால் வளையமாக மூடிக்கொள்ளும்.

இழைக் கோட்பாட்டில் (ஸ்ட்ரிங் தியரி) வரும் இழைகள் வேறு. அவற்றிலும் சில பிரபஞ்ச அளவுக்கு நீண்டு கிடக்கலாம் என்று 2003 வாக்கில் சிலர் காட்டினார்கள். அது தனிக்கதை, ஆனால் கடைசியில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

இழையைப் பற்றிய எல்லாக் கணக்கும் ஒரே எண்ணில் அடங்கும். ஒரு மீட்டர் இழையின் நிறையை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, ஒளி வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் அலகில்லா எண். அதை இழுவிசை எண் என்று வைத்துக்கொள்வோம். பெரும் ஒருங்கிணைவுக் கோட்பாடுகளின் (ஈர்ப்பு தவிர்த்த மூன்று விசைகளும் ஆதியில் ஒன்றே என்பவை) ஆற்றலில் பிறந்த இழை என்றால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பார்க்க அற்ப எண்ணாகத் தெரிகிறதா? அப்படிப்பட்ட இழை ஒன்றை வேலூர்க் கோட்டையிலிருந்து காட்பாடி ஜங்ஷன் வரை நேர்கோட்டில் இழுத்துக் கட்டினால், அந்தத் துண்டு மட்டும் பூமியைவிடக் கனம். தடிமனோ, புரோட்டானைவிடக் கோடி கோடி மடங்குக்கும் மேல் மெல்லிசு. இழுவிசை எண் பத்து கோடியில் ஒன்று என்றால் அதே காட்பாடித் துண்டின் நிறை ஏறக்குறைய நிலா அளவு. எண் இறங்க இறங்க இழை லேசாகும். லேசாக லேசாகக் கண்ணில் படாமல் போகும். இதுவரை நடந்த தேடலெல்லாம் இந்த எண்ணைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போன கதைதான். எண்பதுகளில் இந்த இழைகளே விண்மீன் மண்டலங்களுக்கு விதை போட்டன என்று நம்பியவர்கள் பலர். அதற்குப் பத்து லட்சத்தில் ஒன்று தேவைப்பட்டது. அந்த நம்பிக்கை இப்போது இல்லை.

இந்த நாலு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது காவலூர். தோன்றாமல் இருக்குமா? வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி வந்து பெயர் சூட்டிய கருவி. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களின் தடயம் பதிவான இடங்களில் காவலூரும் ஒன்று. அது அங்கிருக்கும் ஒரு மீட்டர் தொலைநோக்கியின் வேலை. 1988-இல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். இவ்வளவு பெருமை பக்கத்திலேயே இருக்கும்போது, இழையை நேராக வானத்தில் தேடினால் என்ன என்று கேட்பது நியாயம்தான்.

தேடும் முறையும் அழகானது. நேரான இழை பக்கத்துப் பொருளைச் சாதாரணமாக ஈர்க்காது. தன்னைச் சுற்றியுள்ள வெளியிலிருந்து ஒரு சின்ன ஆப்புத் துண்டை வெட்டி எடுத்ததுபோல் செய்துவிடும். அதனால் இழைக்குப் பின்னால் உள்ள விண்மீன் மண்டலம் இரண்டாகத் தெரியும். மற்ற ஈர்ப்பு வில்லைகளில் பிம்பம் நீளும், வளையும், வில்லாகும். இதில் இரண்டு பிம்பமும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக, கோணலே இல்லாமல் நிற்கும். 2003-இல் இத்தாலிய, ரஷ்ய ஆய்வாளர்கள் அப்படியொரு ஜோடியை அறிவித்தார்கள். பெயர் சிஎஸ்எல்-1. 1.9 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி) இடைவெளியில் ஒரே தோற்றம், ஒரே சிவப்புப் பெயர்ச்சி (அதாவது ஒரே தொலைவு), ஒரே நிறமாலை. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2006 ஜனவரியில் ஹபிள் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வெவ்வேறு மண்டலங்கள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சிஎஸ்சி-1 என்ற பகுதியில் இன்னொரு ஜோடியைக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு லடாக்கின் ஹான்லேயில் உள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியில் நிறமாலை எடுத்தார்கள். காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் மையத்தின் கருவிதான் அதுவும். அதை இழை என்று துறை இன்னும் ஏற்கவில்லை. என் கணிப்பில் ஏற்கப்போவதும் இல்லை.

ஏன் என்பதற்கு எண்ணே பதில் சொல்லும். இழுவிசை எண் பத்து லட்சத்தில் ஒன்று என்றால் ஆப்பின் கோணம் சுமார் 5 வில்விநாடி. கோடியில் ஒன்றானால் அரை வில்விநாடி. தரையிலிருந்து பார்க்கும்போது, நல்ல இடத்திலேயே காற்று விண்மீனை ஒரு வில்விநாடி அளவுக்குக் கலங்கடித்துவிடும். கோடியில் ஒன்றரைப் பங்குக்கு மேல் இழை இல்லை என்று வேறு வழியில் ஏற்கெனவே காட்டியாகிவிட்டது. சிஎஸ்எல்-1 உண்மையாக இருந்திருந்தால் அதற்குக் கோடியில் நாலு பங்கு வேண்டும். அதாவது காவலூரில் பிரித்துப் பார்க்க முடிகிற கனமான இழை இல்லை. இருக்கக்கூடிய இழையைக் காவலூரில் பிரித்துப் பார்க்க முடியாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களின் மேகம் இதற்கு மேல்.

சரி, தொலைநோக்கி வேண்டாம், ஸ்லோன் வான்கணக்கெடுப்புத் தரவை இறக்கி ஒத்த ஜோடிகளைத் தேடுகிறேன் என்பார்கள். தேடலாம். குவியல் குவியலாக ஜோடி கிடைக்கும். எல்லாம் நிஜமாகவே ஜோடியாக நிற்கும் மண்டலங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று முடித்தால், எதை எந்த அளவுக்கு இல்லை என்கிறீர்கள் என்று வைவாவில் கேட்பார்கள். அதற்குப் பதில் இருக்காது. எனக்கு இந்த வழியில் உள்ள குறையே இதுதான். இந்தத் துறையில் எல்லாருக்கும் விடை "இல்லை" என்றுதான் வருகிறது. எந்த வழியில் வரும் "இல்லை"க்கு விலை உண்டு என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

அப்படிப் பார்த்தால் அண்ட நுண்ணலைப் பின்னணிக்கு, அதாவது ஆதிச் சூட்டிலிருந்து வானமெங்கும் மிச்சமிருக்கும் மங்கலான ஒளிக்கு, மதிப்பு அதிகம். மேலே சொன்ன கோடியில் ஒன்றரைப் பங்கு என்ற மேல்வரம்பு, அந்த ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோள் குழு 2013-இல் கொடுத்தது. இழை குறுக்கே ஓடினால், அதன் ஒரு பக்கத்து வெப்பநிலைக்கும் மறு பக்கத்து வெப்பநிலைக்கும் நடுவே ஒரு படிக்கட்டுபோல் வித்தியாசம் விழும் என்று 1984-இல் கைசரும் ஸ்டெபின்ஸும் கணக்குப் போட்டார்கள். கோடியில் ஒன்று என்றால் அந்தப் படியின் உயரம் சில மைக்ரோகெல்வின். பின்னணியின் இயல்பான ஏற்ற இறக்கமோ நூறு மைக்ரோகெல்வின் அளவு. தனி இழையின் படியைக் கண்ணால் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. ஏற்ற இறக்கத்தின் மொத்தக் கணக்கை வைத்துத்தான் வரம்பு போடுகிறார்கள். இழைகள்தான் மண்டலங்களுக்கு விதை என்றால் அந்தக் கணக்கில் அடுத்தடுத்த முகடுகள் தெளிவாக வராது. 1998 இறுதியில் அண்டார்டிகாவில் பறந்த பூமராங் பலூனின் தரவு 2000-இல் முதல் முகட்டைத் தெளிவாகக் காட்டியதோடு அந்தப் பழைய நம்பிக்கைக்கு மூச்சு நின்றது.

பிளாங்கின் வரைபடம் இலவசம். ஐந்து கோடிக்குச் சற்று மேல் புள்ளிகள் கொண்ட ஒரு கோப்பு. பைத்தானில் திறந்து, படியைத் தேடும் வடிகட்டி ஒன்றை எழுதி, பொய்யான இழைகளை நீங்களே வரைபடத்தில் புதைத்து, எந்த எண் வரை அகப்படுகிறது என்று பார்க்கலாம். கோடிங்கில் கை வந்த மாணவருக்கு நல்ல வேலை. ஆனால் பிளாங்க் குழுவே போட்ட வரம்புக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. அது தெரிந்தே இறங்க வேண்டும்.

ஈர்ப்பலைகளை, அதாவது வெளியிலேயே பரவும் அதிர்வுகளைப் பிடிக்கும் லைகோ கருவியின் தரவையும் சிலர் கேட்பார்கள். இழை வளையம் ஒரு நொடி சாட்டைபோல் சொடுக்கினால் வரும் ஈர்ப்பலை வெடிப்பைத் தேடும் வேலை அது. கருவியின் இரைச்சலைப் புரிந்துகொள்வதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் லைகோ இந்தியா வரும்போது ஆள் தேவைப்படும்.

இனி பல்சார்: வேகமாகச் சுழன்றபடி, கடிகாரம்போல் ஒழுங்காக ரேடியோ துடிப்பு அனுப்பும் செத்த விண்மீன். என் ஓட்டு இதற்குத்தான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இழை வளையங்கள் அதிர்ந்து அதிர்ந்து ஈர்ப்பலையாகக் கரைந்துபோகும். கோடானுகோடி வளையங்களின் அலை சேர்ந்தால் ஒரு முடிவில்லாத முணுமுணுப்பு. ஓர் அலை வந்து போக வருஷக்கணக்காகும் அளவுக்கு மெதுவான அதிர்வு அதில் உண்டு. அதைக் கேட்கும் கருவி மில்லிவிநாடிப் பல்சார்கள். ஜே1909-3744 என்ற பல்சார் 2.95 மில்லிவிநாடிக்கு ஒரு முறை சுற்றுகிறது. அதன் துடிப்பு எப்போது வரும் என்பதை ஒரு மைக்ரோவிநாடியில் பத்தில் ஒரு பங்குத் துல்லியத்தில் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. இடையில் ஈர்ப்பலை புகுந்தால் துடிப்பு ஒரு துளி முந்தும் அல்லது பிந்தும்.

2023 ஜூன் இறுதியில், அப்படியொரு முணுமுணுப்பின் தடயம் தெரிகிறது என்று பல்சார்களைக் கவனிக்கும் நான்கு தரப்பிலிருந்து ஒரே சமயத்தில் அறிவிப்பு வந்தது: அமெரிக்காவின் நானோகிராவ், ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து இந்தியக் குழு, ஆஸ்திரேலியா, சீனா. நானோகிராவ் 67 பல்சார்களின் 15 ஆண்டுத் தரவை வைத்துச் சொன்னது. இந்தியப் பங்கு புணேவுக்கு வடக்கே, நாராயண்காவ் பக்கத்தில் உள்ள ஜிஎம்ஆர்டியிலிருந்து வந்தது: 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்கள். துடிப்பு விண்வெளியின் எலக்ட்ரான்களைக் கடந்து வரும்போது தாமதமாகும். குறைந்த அலைவரிசையில் தாமதம் அதிகம். அந்தத் தாமதத்தைத் துல்லியமாக அளப்பதில் ஜிஎம்ஆர்டிக்கு நல்ல வசதி. சென்னை கணித அறிவியல் நிறுவனத்திலும் இந்தக் குழுவின் ஆட்கள் இருக்கிறார்கள். சந்தேகம் கேட்கப் புணே வரை ஓட வேண்டியதில்லை, காட்பாடியில் ரயில் ஏறினால் போதும்.

அறிவிப்பைப் பார்த்ததும் பலர் இழை வந்துவிட்டது என்று எழுதினார்கள். இங்கேதான் ஒரு நுணுக்கம். வானத்தில் பல்சார் ஜோடிகளுக்கு இடையே உள்ள கோணத்தைப் பொறுத்து அவற்றின் விலகல்கள் ஒரு குறிப்பிட்ட வளைகோட்டில் ஒத்துப்போக வேண்டும் என்று 1983-இல் ஹெல்லிங்ஸும் டவுன்ஸும் காட்டினார்கள். அந்த வளைகோட்டின் சாயல் தெரிந்ததுதான் 2023-இன் பெரிய சேதி. அது ஈர்ப்பலை என்பதற்கான அத்தாட்சி. யார் எழுப்பிய அலை என்று அது சொல்லாது. மண்டலங்களின் நடுவே ஒன்றையொன்று சுற்றும் ராட்சதக் கருந்துளை ஜோடிகள் எழுப்பினாலும் அதே வளைகோடு, இழைகள் எழுப்பினாலும் அதே வளைகோடு. ஆளைப் பிரித்தறிய ஒரே அடையாளம், ஆற்றல் அதிர்வெண்ணோடு எப்படி ஏறுகிறது என்பது. கருந்துளைகள் என்றால் மிதமாக ஏற வேண்டும். சாதாரண இழைகள் என்றால் ஏறக்குறைய சமதளம். தரவு என்ன சொல்கிறது? கருந்துளைக் கணக்கைவிடவும் வேகமாக ஏறுகிறது. இழைக்கு நேர் எதிர்த் திசை.

அதனால்தான் நானோகிராவ் குழு சாதாரண, அழியாத இழைகளை வைத்துப் பொருத்தியபோது கருந்துளையைவிட மோசமாகப் பொருந்தியது. கொஞ்ச காலத்தில் அறுந்துபோகும் இழைகளும், இழைக் கோட்பாட்டிலிருந்து நீண்டு வந்த இழைகளும் நன்றாகவே பொருந்தின. ஆனால் இந்த மாதிரிகளில் நமக்குப் பிடித்தபடி திருப்பிக்கொள்ளக் குமிழ்கள் கூடுதல். குமிழ் கூடினால் எதுவும் பொருந்தும். அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லக் கூடாது. சாதாரண இழைக்கு இப்போது கிடைக்கும் வரம்பு ஆயிரம் கோடியில் ஒன்று அளவில் நிற்கிறது. காட்பாடித் துண்டின் நிறை நிலாவில் நூறில் ஒரு பங்கு. பிளாங்கின் வரம்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இறுக்கம்.

ஆனால் பல்சாருக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. வளையங்கள் ஈர்ப்பலையாகத்தான் கரைகின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட வரம்பு இது. புலச் சமன்பாடுகளை நேராகக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஒரு சாரார், வளையங்கள் துகள்களாகவே சீக்கிரம் சிதைந்துவிடுகின்றன என்கிறார்கள். இழையைத் தடிமனில்லாக் கோடாக வைத்து ஓட்டுகிறவர்கள் அப்படி இல்லை என்கிறார்கள். சண்டை தீரவில்லை. முதல் சாரார் சொல்வது சரியென்றால் பல்சார் வரம்பு காற்றில் போய்விடும், பிளாங்க் வரம்பு மட்டும் நிற்கும். ஏனென்றால் பின்னணி வெப்பத்தில் விழும் படிக்கு இழையின் எடை மட்டும் போதும், வளையம் எப்படிச் செத்தால் என்ன? பல்சார் சொல்லும் "இல்லை" அழுத்தமானது, நிபந்தனையோடு வருவது. பிளாங்க் சொல்லும் "இல்லை" தளர்வானது, நிபந்தனை குறைவு. புராஜெக்டில் இந்த இரண்டையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாலே அது ஜிங்க் ஆக்சைடைவிடப் பத்து மடங்கு நல்ல வேலை.

கணினி தாங்குமா என்பது அடுத்த கேள்வி. 67 பல்சாரையும் மூலத் தரவிலிருந்து தொடங்கி முழுசாகப் பொருத்தக் கல்லூரி லேப் கணினி போதாது. ஆனால் அந்தக் கனமான வேலையை நானோகிராவே செய்து, ஒவ்வொரு அதிர்வெண் கட்டத்திலும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்ற விடையை வெளியிட்டிருக்கிறது. முதல் 14 கட்டங்களே முக்கியம். பிடிஆர்க்கேட் என்ற இலவச மென்பொருளில் அந்த விடையின்மேல் உங்கள் இழை மாதிரியை ஏற்றிப் பொருத்திப் பார்க்கலாம். லேப்டாப்பில் முடிகிற வேலை. லினக்ஸ் இருந்தால் தலைவலி பாதி.

எனக்குக் கை வேலைதான் வரும், திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்பவர்களுக்குத் திரவப் படிகம் இருக்கிறது. 5சிபி என்ற திரவப் படிகத்தைச் சூடாக்கி ஆறவிட்டால், குறுக்காக வைத்த போலராய்டுகளுக்கு நடுவே நுண்ணோக்கியில் கறுப்பு இழைகள் பிறப்பதும், ஒன்றையொன்று வெட்டித் துணையை மாற்றிக்கொள்வதும், வளையமாகிச் சுருங்கி மறைவதும் தெரியும். 1991-இல் சுவாங், டூரர், டூரோக், யர்க் நால்வரும் பிரபஞ்சவியலுக்காகவே இதைச் செய்தார்கள். அப்புறம் ஓர் உள்ளூர்ச் சிக்கல்: 5சிபி தன் ஒழுங்கை இழப்பது சுமார் 35 டிகிரியில். வேலூர்க் கத்திரி வெயிலில் ஏசி இல்லாத லேபில் அது ஆறவே ஆறாது. கண்ணாடித் தகட்டில் வெறும் தெளிந்த எண்ணெய்தான் இருக்கும். ஜனவரியிலேயே முடித்துவிட வேண்டும். இந்தச் சோதனை கிப்பிள் சொன்ன பிறப்பு முறை சரி என்று காட்டும். வானத்தில் இழை உண்டா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. தலைப்பில் "அண்ட இழைகளைக் கண்டறிதல்" என்று போட்டுவிடாதீர்கள்.

எண் இன்னும் கீழே போகும். 2024 ஜனவரியில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், விண்வெளியிலிருந்தே ஈர்ப்பலையைக் கேட்கும் லிசா திட்டத்துக்கு இறுதி ஒப்புதல் தந்தது. 2035-இல் ஏவத் திட்டம். அது ஆயிரம் கோடி கோடியில் ஒன்று வரைக்கும் தொடும் என்று கணக்கு. அதுவரை என் சொந்த அபிப்பிராயம் இது: எண்பதுகளில் பேசப்பட்ட கனமான இழை இல்லை. லேசான இழை இருக்கலாம், பல கோட்பாடுகளில் அது தானாகவே வந்து விழுகிறது. ஆனால் 2023-இல் கேட்டது அதன் குரல் இல்லை.

பல்சாரைத் தேர்ந்தெடுத்தவர்கள் நேரே பிடிஆர்க்கேட்டில் குதிக்காமல், முதல் இரண்டு வாரம் பிண்ட் என்ற மென்பொருளைப் போட்டு ஜே1909-3744 ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோப்பு இருக்கும். ஒன்றில் பல்சாரின் சுழற்சி, இருப்பிடம், துணை விண்மீனின் பாதை. இன்னொன்றில் துடிப்பு வந்த நேரங்கள், வரிக்கு ஒன்றாக, தசமப் புள்ளிக்குப் பின் பத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களோடு. முதல் கோப்பில் பல்சாரின் இருப்பிடத்தை வேண்டுமென்றே ஒரு துளி மாற்றுங்கள். விலகல் வரைபடத்தில் வருஷத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலை எழும். பூமி சூரியனைச் சுற்றுவது அப்படியே தெரியும். பிறகு ஜே1713+0747-ஐ எடுங்கள். 2021 ஏப்ரலில் அதன் துடிப்பின் வடிவமே திடீரென்று மாறியது. ஜிஎம்ஆர்டியிலும் அது பதிவானது. அந்தத் தேதிக்குப் பிந்தைய தரவை அப்படியே சேர்த்தால் என்ன ஆகும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள், மாதிரியைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.